மாடியின் தாளம்

உட்கார்ந்த இடத்தில் கால் ஆட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். உங்கள் மேசையும் சேர்ந்து ஆடுகிறது, தெரிகிறது. எழுத இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். நிறுத்தச் சொன்னால் மட்டும் என்னால் ஆகாது. என் மனைவி சுந்தரவல்லி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பார்த்தாள். "கால ஆட்டாதீங்க, வீட்டுக்கு ஆகாது" என்பாள். நிறுத்துவேன். அவள் அடுக்களைப் பக்கம் திரும்பியதும் கால் தானாக ஆரம்பித்துவிடும்.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன் சார். திருநகர் தாண்டி எங்கள் தெருச் சங்கத்து மரமண்டபத்தில் மாடி விழுந்ததை நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் பாரம் தாங்காமல் விழுந்தது, தச்சர் சேக் இஸ்மாயில் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, கட்டிய கோகுல்நாத் கவனிக்கவில்லை என்று பேப்பரிலும் வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரையும் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர்களை விட்டுவிடலாம். அந்த மாடி பாரத்தால் விழவில்லை, ஆட்டத்தால் விழுந்தது. பாரம் வேறு, ஆட்டம் வேறு. இதைத்தான் நான் கல்லூரியில் வருஷாவருஷம் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். அதனால் தப்பாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

என் பெயர் நாகசுப்பிரமணியன். கட்டடத்துறை விரிவுரையாளர். எங்கள் ஆட்கள் நெசவுக்காரர்கள், வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவோம். வீட்டில் பேசியதையெல்லாம் உங்களுக்காகத் தமிழில்தான் சொல்கிறேன். நான் பிறந்த வீட்டில் முன்கட்டில் விசைத்தறி ஓடும், பின்கட்டில் நாங்கள் இருப்போம். தறி ஓடினால் சுவர் அதிரும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக் கிணுகிணுக்கும். கரண்ட் போனால்தான் வீடு சும்மா இருக்கும். அப்படிச் சும்மா இருக்கும் வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. எப்போது கரண்ட் வரும் என்று புரண்டுகொண்டே கிடப்பேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் குஜராத்தில் பூகம்பம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் முன்னோர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் தெருவில் போர்வையும் துணிமணியும் சேர்த்து லாரியில் அனுப்பினோம். லாரியோடு போனவன் கோகுல்நாத். சுந்தரவல்லியின் தம்பி, கட்டட கான்ட்ராக்டர். கல் வீடுகள் குவியல் குவியலாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் தான் கட்டினால் மரத்தில்தான் கட்டுவேன் என்றான். முழு மரம் இல்லை. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி அழுத்திச் செய்த உத்தரம். அதைத் தூணோடு இரும்புத் தகடு வைத்து, நீள நீளமான ஸ்க்ரூவால் முறுக்கிவிட வேண்டும். சங்கத்துக்கு ஒரு மண்டபம் தேவைப்பட்டது. கீழே தூண்களோடு திறந்த இடம், மேலே ஒரு மாடி. அதிலேயே செய்து காட்டுகிறேன் என்று வரைபடத்தைக் கொண்டுவந்து கூட்டத்தில் விரித்தான்.

நான் எழுந்து என் கருத்தைச் சொன்னேன். மரத்தில் குறை இல்லை, இணைப்பில்தான் குறை என்றேன். ஆணி அடித்திருந்தால் ஆட்டத்தில் ஆணி வளையும், வளைந்து வளைந்தே ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். ஸ்க்ரூ கெட்டி இரும்பு, அது வளையாது. கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரேயடியாக முறிந்துவிடும். இதை ஒரு கட்டுரையாக எழுதி எங்கெங்கோ அனுப்பியிருந்தேன். ஆட்டிப் பார்த்த ஆதாரம் இல்லை என்று எல்லா இடத்திலிருந்தும் திரும்பி வந்தது. எங்கள் கல்லூரியில் ஆட்டிப் பார்க்கிற மேடை கிடையாது சார். கட்டடத்தை அழுத்திப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம், ஆட்டிப் பார்க்க முடியாது.

கோகுல்நாத் பொறுமையாகத்தான் பதில் சொன்னான்.

"அத்தான் சொல்றது தனி ஸ்க்ரூவுக்குச் சரி. நான் நேராக் கொஞ்சம், சாய்வாக் கொஞ்சம்னு கலந்து போடுறேன். மொதல்ல தொளையப் போட்டு பெறகு முறுக்குனா ஒண்ணும் ஆகாது. வெளிநாட்டுல ஆட்டியே பாத்துட்டாய்ங்க." பிறகு சிரித்தான். "அம்புட்டுச் சந்தேகம்னா மதுரைக்குப் பூகம்பம் வரட்டும் அத்தான். நீங்க சொன்னதுதான் சரின்னு ஆச்சுன்னா மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறோம்."

கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் சுந்தரவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தம்பி பேசினால் அவளுக்கு எப்போதும் சிரிப்புத்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. கோபம் மட்டும் இல்லை. அவன் கேட்டது நியாயம் என்றே அன்றைக்கு நினைத்தேன். ஆட்டிக் காட்டாமல் யார் ஒப்புக்கொள்வார்கள்?

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் டம்ளர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அலை ஏதாவது தெரிகிறதா என்று. காளவாசலில் சிக்னலுக்கு நிற்கும்போது பெரிய லாரி பக்கத்தில் வந்தால் வண்டியின் கைப்பிடி நடுங்கும், உடனே காலைத் தரையில் அழுத்தி வைத்துப் பார்ப்பேன். வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க முடியாது, எழுந்து அடுத்த அறைக்குப் போவேன், அங்கிருந்து வாசலுக்கு. மதுரை இருக்கிறபடியே இருந்தது. ரேடியோவில் எங்கேயோ லேசான நில அதிர்வு என்று சொல்வார்கள், அது எப்போதும் வேறு ஊராக இருக்கும். வந்துவிடக் கூடாதே என்று மற்றவர்கள் பயந்தார்கள். நான் பயந்தது வேறு. என் காலம் முடியும்வரை வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று இருந்தது.

மண்டப வேலை நடக்கும்போது கோகுல்நாத் என்னையே மேற்பார்வைக்குக் கூப்பிட்டான். அவனுக்கு மனசில் வஞ்சகம் கிடையாது, அதைக் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். கிழக்கு முனை இணைப்புகளை அவனே பக்கத்தில் நின்று செய்யவைத்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் டிரில் மிஷினால் துளை போட்டு, மிஷினாலேயே முறுக்கினார்கள். மேற்கு முனைக்கு வரும்போது அவன் மீதி உத்தரம் வாங்கக் கோயம்புத்தூர் போய்விட்டான். காலையிலிருந்து கரண்ட் இல்லை. இஸ்மாயில் பாய் என்னிடம் வந்தார்.

"சார், மிஷின் ஓடாது. கரண்ட் வர்ற வரைக்கும் நிப்பாட்டட்டுமா? இல்லன்னா ஸ்க்ரூவ முக்காவாசி சுத்தியல்ல எறக்கிட்டு, கடைசி ரெண்டு சுத்து திருப்புளில முறுக்கிரவா? வீட்டு வேலைக்கெல்லாம் அப்பிடித்தான் சார் செய்யிறது. கதவு, நிலை எல்லாம் இன்னவரைக்கும் நிக்கிது. ஆனா தம்பி இதுக்கு வேணாம்னு சொல்லிருக்காப்ல."

மதுரையில் எந்தத் தச்சரும் செய்கிற வேலைதான் இது. உங்கள் வீட்டுக் கதவுக் கீலையும் இப்படித்தான் அடித்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே ஸ்க்ரூவின் மரை மரத்தைக் கவ்வியிருக்காது, கிழித்துக்கொண்டு போயிருக்கும். மாடி சும்மா நிற்கும்போது பாரமெல்லாம் தூண்மேல் இறங்கிவிடும், ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. ஆடும்போதுதான் அதற்கு வேலை வரும்.

"அப்பிடியே செய்ங்க பாய்" என்றேன். "தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடம் சொல்லும்போது அது அவ்வளவு உறுதியாகப் படவில்லை.

மண்டபம் திறந்து, இரண்டு கல்யாண நிச்சயம் நடந்து, ஒரு காதுகுத்தும் நடந்தது. மாடி அசையவில்லை. கோகுல்நாத் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன அத்தான், பூகம்பம் வந்துச்சா?" என்று கேட்பான். விளையாட்டாகத்தான் கேட்பான். நானும் சிரிப்பேன்.

ஒரு மத்தியானம் சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். உத்தரத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தூணில் தோளை வைத்து விட்டுவிட்டுத் தள்ளினேன். எந்தக் கட்டடத்துக்கும் தனக்கென்று ஒரு ஆட்டம் உண்டு சார். ஊஞ்சலை அதன் போக்குக்குத் தள்ளினால் குழந்தைகூட ஒரு பெரிய ஆளை உயரத்துக்கு ஆட்டிவிடும், போக்கு தப்பினால் பயில்வானாலும் முடியாது. அதே கதைதான். மாடியின் போக்கைத் தொடையில் தட்டிப் பிடித்துக்கொண்டேன். தறிச்சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அது கஷ்டமில்லை. தட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சுந்தரவல்லி கோலாட்டப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டின் நடையும் என் தட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. பாட்டைக் கொஞ்சம் வேகப்படுத்தினால் போதும்.

நவராத்திரிக்கு எங்கள் தெருப் பெண்கள் கோலாட்டம் போடுவார்கள், சுந்தரவல்லிதான் தலைமை. அந்த வருஷம் புது மாடியில் ஒத்திகை. இரண்டு வரிசையாக நின்று, எல்லாரும் சேர்ந்தாற்போல் வலப்பக்கம் ஓர் அடி, இடப்பக்கம் ஓர் அடி. பூகம்பம் ஒரு கட்டடத்தை ஆட்டுவதும் அப்படித்தான், வலது, இடது, வலது, இடது. வழக்கமாக ஜால்ரா போடுகிற அம்மாள் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டார். "உங்களுக்குத்தான் தாளம் தப்பாதே, வந்து தட்டுங்க" என்று சுந்தரவல்லியே கேட்டாள். அவளாகக் கேட்டதுதான். நான் வலியப் போகவில்லை.

படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து இரண்டு கோலைத் தட்டிக்கொண்டிருப்பேன். படிக்கட்டு கான்கிரீட், மாடியோடு ஒட்டாமல் தனியாக நிற்பது. நீங்கள் அதைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் தெரிவார்கள் என்பதால்தான் அங்கே உட்கார்ந்தேன்.

என் எண்ணம் இவ்வளவுதான். ஒரே ஒரு இணைப்பு இளக வேண்டும். ஒரு ஸ்க்ரூ முறிகிற சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டு எல்லாரையும் இறக்கிவிட்டு, கோகுல்நாத்தைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழக் கூடாது. இதை நான் பலமுறை மனசில் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

அப்படியென்றால் மாதக் கார்த்திகை அன்றைக்கு ஏன் வைத்துக்கொண்டாய் என்று கேட்கிறீர்கள். ஆமாம், கார்த்திகை தவறாமல் சுந்தரவல்லி திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஒத்திகைக்கு நேரமாகிவிடுமே என்று தயங்கினாள். "நீ போய்ட்டு நிதானமா வா, நான் பாத்துக்கிறேன்" என்று நான்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். தற்செயல் என்று உங்கள் ஏட்டையாவிடம் முதலில் சொன்னேன். தற்செயல் இல்லை. மற்ற பெண்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்படிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மையில் தோன்றவில்லை.

ஆரம்பித்தோம். பழைய நடையில் இரண்டு பாட்டு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பெண்கள் சிரித்துக்கொண்டு ஈடுகொடுத்தார்கள், யாரோ "அண்ணே இன்னைக்கு ஒரு முடிவோட இருக்காக" என்றார்கள். மாடியின் போக்கைத் தொட்டதும் எனக்குக் கோல் பிடித்த விரல்களிலேயே தெரிந்தது. உத்தரம் முனகியது. கோகுல்நாத்தின் மகள் இந்துப்ரியா கிழக்கு ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, தரை ஆடுது" என்று கத்தினாள்.

"மரம்னா அப்பிடித்தாம்மா இருக்கும். நீ தாளத்த விடாத" என்றேன்.

அப்போதுதான் சுந்தரவல்லி படியேறி வந்தாள். கோயிலில் கூட்டம் இல்லையாம், சீக்கிரம் தரிசனம் முடிந்ததாம். நெற்றியில் விபூதி. என்னைக் கடந்து போகும்போது பிரசாதப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கோல் இரண்டை எடுத்தாள். தலைமைக்காரி நிற்கிற இடம் மேற்கு முனை. அவள் போய் நிற்பதை நான் பார்த்தேன்.

நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தனை மாதமாக எனக்கிருந்த பரபரப்பு அந்தக் கொஞ்ச நேரம்தான் அடங்கியிருந்தது சார். கால் ஆடவில்லை. எனக்குப் பதிலாக மாடி ஆடியது. நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு அருவருப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான் இருந்தது. மேற்கு மூலையில் முதல் சத்தம் கேட்டது, பரணில் எலி பிறாண்டுவதுபோல. அது என்ன சத்தம் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு இன்னொன்று. பிறகு நிறைய.

விழுந்ததும் நான் கீழே ஓடினேன். எல்லாரும் சொல்கிறபடி பெண்களைத் தூக்க ஓடவில்லை, மேற்கு மூலைத் தூணைப் பார்க்க ஓடினேன். என் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்த ஸ்க்ரூக்கள் அங்கே பொறுக்கியவை. இந்துப்ரியா கிழக்குப் பக்கம் உத்தரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கி, கால் எலும்பு முறிவோடு தப்பித்தாள். சுந்தரவல்லியும் இன்னும் இரண்டு பேரும் தப்பிக்கவில்லை. அந்த இரண்டு பேரின் பெயர் உங்களிடம் இருக்கும். சுந்தரவல்லியை வெளியே எடுத்தபோது ஒரு கையில் கோல் அப்படியே இருந்தது. கோகுல்நாத் அதை விரல்களிலிருந்து பிரிக்க முடியாமல் அழுதான். அவனே மண்ணில் புரண்டுகொண்டு, "என்னாலதான், என்னாலதான், அத்தான் அன்னைக்கே சொன்னாக" என்றான். எல்லார் முன்னாலும் சொன்னான். எனக்கும் அழுகை வந்தது. அவள் இல்லாத வீட்டில் இப்போது யாரும் என்னைக் கால் ஆட்டாதே என்பதில்லை. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும் சார்.

அந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தீர்களா? முறிந்திருக்க வேண்டும் என்பது என் கட்டுரை. இவை முறியவில்லை, முழுசாக உருவிக்கொண்டு வந்திருக்கின்றன, மரை முழுக்க மரத்தூள். உருவுவதும் ஒரு வகைத் தோல்விதான். துளை போட்டு முறுக்கிய கிழக்கு முனை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஒரு ஸ்க்ரூ அசையவில்லை. அது ஏன் என்பதைத் தனியாக ஆராய வேண்டும், இந்த வாக்குமூலத்துக்கு அது தேவைப்படாது.

உங்கள் நிபுணர் கேட்டனுப்பியிருக்கிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடைசி நிமிஷத்தில் தாளம் மெதுவானது என்று பிழைத்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறார். விஷயம் தெரிந்தவர்.

ஸ்க்ரூ இளக இளக மாடியின் ஆட்டம் மெதுவாகிவிடும். இறுக்கிக் கட்டிய கயிறு வேகமாக அதிரும், தளர்ந்த கயிறு நிதானமாக ஆடும். என் தட்டு ஒரு பக்கமும் மாடியின் போக்கு ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. அந்த இடத்தில் ஆட்டம் தணிய ஆரம்பித்தது. பெண்கள் தடுமாறி நின்றார்கள். நானும் நிறுத்தினேன். சத்தம் கேட்டாயிற்று, இணைப்பு இளகியாயிற்று, நான் நினைத்ததெல்லாம் நடந்து முடிந்திருந்தது. பூகம்பம் என்றால் அவ்வளவுதான். பூமி எந்தக் கட்டடத்தையும் திரும்பிப் பார்ப்பதில்லை, தன் போக்கில் ஆட்டிவிட்டுப் போய்விடும். பாதி இணைப்பு சுத்தியலில் அடித்ததாக இருந்தும் கோகுல்நாத்தின் மாடி அதைத் தாங்கி நின்றுவிட்டது.

சுந்தரவல்லி மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போதுங்க. எல்லாரும் எறங்கிருவோம், எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றாள்.

"கடைசியா ஒரே ஒரு பாட்டு" என்றேன். "மெதுவாத் தட்டுறேன்."

இளகிய மாடியின் புதுப் போக்கை நிதானமாகத் தேடிப் பிடித்து, அதற்குத் தட்டினேன். நான் சொன்னால் கேட்பாள், கோலை எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கடைசிப் பகுதி மட்டும் வாக்குமூலத்தில் வேண்டாம் சார். அதை விட்டுவிட்டு, ஆட்டத்தில் ஸ்க்ரூ இணைப்பு தோற்று விழுந்தது என்று எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.